ஏணிப்புதூர் ஆசிரியர்கள் சுதந்திரத்துக்குக் கீழ்ப்படிந்த கதை

ஏணிப்புதூருக்கு வழி கேட்டால் "நேரே போங்க" என்பார்கள். நேரே போனால் குளம் வரும். குளம் வந்த பிறகும் இறங்கி நேரே போகிறவர்கள் யாரோ, அவர்கள்தான் ஏணிப்புதூர்க்காரர்கள். நனைந்த வேட்டியை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் நான்கு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் திருவேங்கடம். தமிழுக்குப் புலவர் மாசிலாமணி. கணக்குக்கும், யாருக்கும் வேண்டாத மற்றப் பாடங்களுக்கும் எஸ்தர் டீச்சர். உடற்கல்விக்கு வீரபாகு, ஊரில் அவர் பெயர் பி.டி. சார். நால்வரும் நல்லவர்கள். பிள்ளைகளை அடித்ததில்லை, தாமதமாக வந்ததில்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு. பள்ளிக்கு எந்தத் தாள் வந்தாலும் அன்றைக்கே கீழ்ப்படிந்துவிடுவார்கள்.

தாள் வந்ததும் திருவேங்கடம் அதைக் காலைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பார். நால்வரும் அடியில் கையெழுத்திடுவார்கள். சாயங்கால மணி அடிப்பதற்குள் தாளில் உள்ளது நடந்து முடிந்திருக்கும். ஒருமுறை கால்நடை மருந்தகத்துக்குப் போகவேண்டிய கடிதம் ஒன்று முகவரி தப்பி இங்கே வந்துவிட்டது. அன்று மாலைக்குள் ஊரிலுள்ள இருநூற்றுப் பதினான்கு ஆடுகளும் உயரவாரியாக வரிசையில் நின்று, குடற்புழு மருந்து குடித்துவிட்டுக் கலைந்தன. மருந்தகத்தார் நெகிழ்ந்துபோய் நன்றிக் கடிதம் அனுப்பினார்கள். 'தங்கள் ஒத்துழைப்பு என்றும் தொடர வேண்டும்' என்று அதை வழக்கம்போல முடித்திருந்தார்கள். அதிலிருந்து ஏணிப்புதூர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஆடுகளுக்குத் தனிப் பக்கம் உண்டு.

இந்தப் பள்ளிக்கு நான்கு வருஷத்துக்கு முன் எட்டு மடிக்கணினிகள் வந்தன. கூடவே வந்த மென்பொருளுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அது முடிந்த மறுநாள், 'சந்தாவைப் புதுப்பிக்கவும்' என்று எட்டுத் திரையும் ஒரே குரலில் சொன்னது. புதுப்பிக்கப் பள்ளியிடம் பணம் இல்லை. திருவேங்கடம் தம் பணிக்காலத்தில் கீழ்ப்படிய முடியாமல் போன ஒரே கட்டளை அது. அந்த வெட்கத்தில் எட்டையும் மூடி, பீரோவில் வைத்துப் பூட்டினார். அதன்பின் ஆயுதபூஜைக்கு மட்டும் வெளியே வரும். சந்தனம், குங்குமம், பொரிகடலை எல்லாம் ஆனதும் உள்ளே போகும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் கணினி என்றால் சுண்டலோடு வரும் சாமி.

எஸ்தர் டீச்சருக்கு மட்டும் இது உறுத்தல். அவர் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வருஷம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் விரலாலேயே அடித்து, அதைத் தாளில் அச்சாகப் பார்க்க வேண்டும்.

"டீச்சர், என் பெயர் நீளம். எனக்கு ரெண்டு நாளாகும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள் சிவகாமசுந்தரி.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. 'வரும் வியாழக்கிழமை ஆய்வு. பயன்பாட்டில் இல்லாத கணினிகள் ஓடைக்காடு பள்ளிக்கு மாற்றப்படும்.' ஓடைக்காடு மூன்று கிலோமீட்டர். அங்கே தலைமையாசிரியர் சிதம்பரநாதன். கடிதம் வந்த அன்று மாலையே அவர் அனுப்பிய தச்சர் டேப்போடு வந்து, ஒரு மடிக்கணினியை நீள அகலம் அளந்துகொண்டு, "எட்டுக்கும் சேர்த்து ஒரே மேஜையா செஞ்சுடறேன்" என்று திருவேங்கடத்திடமே சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை, ஒரு பென்டிரைவும் ஒரு சாப்பாட்டு டப்பாவுமாக ஸ்கூட்டரில் நறுமுகை வந்து இறங்கினார். பள்ளி பள்ளியாகப் போய், ஆசிரியர்களிடம் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எடுத்துச் சொல்வதுதான் அவருக்கு வேலை. மதியத்துக்குள் எட்டு மடிக்கணினியும் உயிர்பெற்றன. தமிழில் அடித்தன, படம் வரைந்தன, வானத்து நட்சத்திரமெல்லாம் பெயரோடு காட்டின.

"இதுக்கு சந்தா எப்போம்மா கட்டணும்?" என்றார் திருவேங்கடம் பயத்தோடு.

"கட்டவே வேண்டாம் சார்."

"ஒரு வருஷம் கழிச்சு?"

"அப்பவும் வேண்டாம்."

"நான் ரிட்டயர் ஆன பிறகு?"

"நீங்க ரிட்டயர் ஆனாலும் வேண்டாம் சார். நான் ரிட்டயர் ஆனாலும் வேண்டாம். இந்த மென்பொருளோட அழகே அதுதான். உங்களுக்கு நாலு சுதந்திரம் கொடுக்குது." சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அங்கேதான் தவறு நேர்ந்தது. வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

தாளில் நான்கு வரி. ஒன்று: எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். இரண்டு: உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம். மூன்று: வேண்டியபடி மாற்றலாம். நான்கு: அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம், கொடுத்தாலும் உங்களிடம் இருக்கும்.

திருவேங்கடம் எழுந்து நின்று உரக்கப் படித்தார். மூன்று பேரும் பேனாவைத் திறந்தார்கள்.

"சார், இது கட்டளை இல்லை. உங்களோட உரிமை" என்றார் நறுமுகை.

"சரிம்மா. உரிமைக்கு எங்கே கையெழுத்துப் போடணும்?"

"எங்கேயும் போட வேண்டாம் சார். விருப்பம் இருந்தா செய்யலாம், இல்லாட்டி விடலாம்."

நால்வரும் அந்தப் பெண்ணை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"ஏம்மா," என்றார் திருவேங்கடம் கனிவாக, "மேலதிகாரி உன்னைப் பார்த்து 'உட்காரலாம்'னு சொன்னா, விருப்பம் இல்லைன்னு நின்னுக்கிட்டே இருப்பியா?"

நறுமுகை இதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார். வியாழக்கிழமை ஆய்வு அலுவலரோடு தாமும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது தம் குறிப்பேட்டில் 'ஏணிப்புதூர்: மிகுந்த ஆர்வம்' என்று எழுதிக்கொண்டார்.

"நாலு நாள், நாலு வரி. கணக்குச் சரியா இருக்கு" என்றார் திருவேங்கடம்.

முதல் வரி, எந்த வேலைக்கும் பயன்படுத்துவது. பள்ளியில் என்னென்ன வேலை இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். நாற்பத்தேழு வந்தது.

முதல் மடிக்கணினியைக் காற்றில் ஆடும் வெளிக்கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். மணி அடிக்கும் வேலை இரண்டாவதற்கு. தண்டவாளத் துண்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு அதை உட்காரவைத்தார்கள். நாலு மணிக்கு அது அடிக்கவில்லை. அது அடிக்காமல் வேறு யாரும் அடிப்பது முறையில்லை என்பதால் ஐந்தேமுக்கால்வரை பள்ளி விடவில்லை. தேடி வந்த பெற்றோரிடம், "புதுசு பாருங்க, கூச்சப்படுது" என்றார் பி.டி. சார்.

மூன்றாவது சத்துணவுக் கூடத்தில் அடுப்பு விசிறப் போனது. சமையல்காரர் தனக்கொடி கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னொரு தடவை இது அடுப்படிப் பக்கம் வந்துச்சு, சாம்பார்ல போட்டுருவேன்!"

"சாம்பார்ல போடறதும் ஒரு வேலைதானே?" என்று பி.டி. சார் அதை நாற்பத்தெட்டாவதாகச் சேர்த்தார். எஸ்தர் டீச்சர் பட்டியலைப் பிடுங்கி அந்த வரியைக் கோடிட்டு அடித்தார்.

நான்காவது, டீ டம்ளர் ஏந்தி வந்தது. ஐந்தாவதற்குத் தலைமையாசிரியர் இல்லாதபோது அவர் நாற்காலியில் இருக்கும் வேலை. அன்று அவர் இருந்தார். ஆகவே நாற்காலியை விட்டுக்கொடுத்துப் பொழுது சாயும்வரை நின்றார். மீதி மூன்றும் தங்கள் முறைக்காகப் பீரோ வாசலில் காத்திருந்தன.

"சார், சும்மா இருக்கிற மூணையாவது கொடுங்க. பிள்ளைங்க பெயர் அடிக்கட்டும்" என்று கேட்டார் எஸ்தர் டீச்சர்.

"அதுவும் பட்டியல்ல இருக்கு டீச்சர். முப்பத்தொண்ணாவது. இப்போ ஒன்பதுல நிக்கிறோம்."

செவ்வாய்க்கிழமை இரண்டாம் வரி, உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பது. அது எங்கே இருக்கிறது என்று நறுமுகைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள்.

"மூல நிரலைப் படிக்கப் போறீங்களா சார்? நிஜமாவா?"

"நிஜமாத்தாம்மா. நாலு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு."

ஆறு வருஷத்தில் முந்நூறு பள்ளி ஏறி இறங்கியவர் நறுமுகை. ஒரு பள்ளியும் இதைக் கேட்டதில்லை. இருப்பதில் சின்னதான கணிப்பான் செயலியைக் காட்டிக்கொடுத்தார். முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது. அத்தோடு பள்ளியில் இருந்த அச்சுத் தாள் தீர்ந்தது.

நூல் என்று வந்துவிட்டால் பொறுப்பு புலவருடையது. புலவர் மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது என்ன பா, புலவரே?" என்றார் திருவேங்கடம்.

"ஓரடி நீளம், ஓரடி குட்டை. எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. புதுக்கவிதையாக இருக்கலாம்."

"எழுதின ஆள் எப்படி?"

"ஒழுக்கமானவர். ஓர் அடைப்புக்குறியைத் திறந்தால், பன்னிரண்டு வரி தாண்டியானாலும் மறக்காமல் வந்து மூடிவிட்டுத்தான் மறுவேலை. குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிற சிலரைப் போல இல்லை." புலவர் பி.டி. சாரைப் பார்க்காமல் சொன்னார்.

பதினேழாம் பக்கத்தில் ஓர் இடம் புலவரை உருக்கிவிட்டது. நிரலை எழுதியவர் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார். எஸ்தர் டீச்சர் தமிழில் சொன்னார்: 'இந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. தயவுசெய்து யாரும் தொடாதீர்கள்.'

"அவையடக்கம்!" என்றார் புலவர், கண் கலங்க. "இவ்வளவு பெரிய நூல் செய்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார் பாருங்கள். காப்பியம் செய்தவர்களெல்லாம் இதை முதல் பக்கத்தில் வைத்தார்கள். இவர் நடுவில் வைத்திருக்கிறார். அந்த அளவுக்கு அடக்கம்."

மாலைக்குள் முப்பத்தெட்டுப் பக்கத்துக்கும் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை தயாராயின. படிக்கும் முறையும் அந்தப் பள்ளியில் ஒன்றுதான் என்பதால், முதல் பக்கத்தை ஏழாம் வகுப்பு மனப்பாடம் செய்து, அரைப்புள்ளி தவறாமல் ஒப்பித்தது.

புதன்கிழமை மூன்றாம் வரி, மாற்றுவது. எதை மாற்றுவது என்று பத்து மணிக்குக் கூடினார்கள். பன்னிரண்டரைவரை பேச்சு.

"திரையில அந்த அம்பு கண்டபடி ஓடுது சார். வரிசையில போகப் பழக்கணும்" என்றார் பி.டி. சார்.

"விடை எதுவானாலும் முதல்ல எனக்கு வந்து, நான் பார்த்த பிறகுதான் பிள்ளைங்களுக்குப் போகணும்" என்றார் திருவேங்கடம்.

"எனக்கு எந்த மாற்றமும் வேண்டாம் சார். இப்படியே கொடுத்தா என் பிள்ளைங்க பெயர் அடிச்சுக்கும்" என்றார் எஸ்தர் டீச்சர்.

"மாற்றம் வேண்டாம்கிறது தாளுக்கு விரோதம் டீச்சர். குறிப்புல ஏத்தட்டுமா?"

புலவர் தொண்டையைச் செருமினார். அவருக்கு அந்த இயந்திரத்தின் நடத்தையில்தான் குறை. எதையாவது எழுதிவிட்டு மூடப்போனால், 'சேமிக்கவா?' என்று கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான். இடப்பக்கம் 'ஆம்'. வலப்பக்கம் 'வேண்டாம்'.

"பந்தியில் ஒருவர் அன்போடு பாயசம் கொண்டுவருகிறார். மூஞ்சியில் அடித்தாற்போல் 'வேண்டாம்' என்பதா? இதையா பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்?"

"அப்போ 'ஆம்'னு மட்டும் வைப்போம்" என்றார் பி.டி. சார்.

"கேட்டவுடன் 'ஆம்' என்பது பேராசை."

இரண்டும் கூடாது என்றால் என்னதான் சொல்வது? கடைசியில் புலவரே சொன்னார். மரியாதைப்பட்டவர் வாயிலிருந்து எந்தக் கேள்விக்கும் வரவேண்டிய பதில் ஒன்றுதான்: 'தங்கள் சித்தம்.'

கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். மறுபடி நறுமுகைக்குப் போன். அந்தச் சொற்களெல்லாம் தனிக் கோப்பில் சாதாரண எழுத்தாகத்தான் இருக்கின்றன, திறந்து திருத்திவிடலாம் என்று அவர் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். என்ன திருத்தம் என்று கேட்கவேயில்லை. திருத்துகிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. மூன்று மணிக்கு எட்டு மடிக்கணினியிலும் இடப் பொத்தான் 'தங்கள் சித்தம்'. வலப் பொத்தானும் 'தங்கள் சித்தம்'.

திருத்தத்துக்காகக் கதவடியிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எட்டும் ஓரிடம் வந்துசேர்ந்திருந்தன. எஸ்தர் டீச்சர் அந்த அரைமணியை விடவில்லை. ஏழாம் வகுப்பை ஓட்டமாய்க் கூட்டிவந்து உட்காரவைத்தார். சிவகாமசுந்தரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்து, வலப்பக்கம் அமுக்கினாள். பெயர் மாயமாகிவிட்டது. ஒரு மூச்சு அழுதாள். மறுபடி அடித்து இடப்பக்கம் அமுக்கினாள். இருந்தது.

"இந்தப் பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் போயிரும்" என்று அவள் பக்கத்தில் சொல்ல, இரண்டு நிமிஷத்தில் முப்பத்தொரு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆசிரியர்கள் யாரும் கேட்கவில்லை. ஆகவே பிள்ளைகளும் சொல்லவில்லை. அச்செடுக்கத் தாள் இல்லை. மறுநாள் வாங்கிவருவதாக டீச்சர் சொன்னார்.

வியாழக்கிழமை பொழுது விடிந்ததும் நான்காம் வரி. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது.

அக்கம்பக்கம் யார்? கிழக்கே புளியமரம். மேற்கே சுடுகாடு; அவர்கள் இதுவரை எதுவும் கேட்டதில்லை. வடக்கே குளம். தெற்கே போனால் முதலில் வருவது ஓடைக்காடு.

"மென்பொருளை மட்டும் எடுத்துக் கொடுத்துடலாமா?" என்றார் திருவேங்கடம்.

பி.டி. சார் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். கொஞ்சம் பொரிகடலை விழுந்தது. "வரமாட்டேங்குது சார். மொத்தமாத்தான் கொடுக்கணும்."

"சார்!" என்றார் எஸ்தர் டீச்சர். "அது ஓடைக்காட்டுக்குப் போயிடக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடும்?"

"அவங்க பறிச்சுக்கிட்டுப் போனா அவமானம் டீச்சர். நாமளே கொண்டுபோய்க் கொடுத்தா கீழ்ப்படிதல்."

"என் பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"தாளைச் சரியாப் படிங்க. 'கொடுத்தாலும் உங்களிடம் இருக்கும்.'"

"அதெப்படி இருக்கும்?" என்றார் பி.டி. சார். அவருக்கு அனுபவம் பேசியது. "ஓடைக்காட்டு பி.டி. சார்கிட்ட என் விசிலைக் கொடுத்தேன். நாலு வருஷமா என்கிட்ட இல்லை."

"விசில் தாளோட வந்துச்சா?"

"இல்லை."

"அதான். கொடுக்கிறது நம்ம வேலை. கொடுத்த பிறகும் இருக்க வைக்கிறது தாளோட பொறுப்பு. அதுல நாம தலையிடக் கூடாது."

ஊர்ச் சரக்கு வண்டிக்காரர் அந்தோணியின் குட்டி யானை வாசலில் வந்து நின்றது. நான்கு சக்கரம், முன்னால் இரண்டு பேர், பின்னால் ஊரே ஏறலாம். எட்டு மடிக்கணினியையும் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். ஒவ்வொன்றை ஏற்றியதும் திருவேங்கடம் உள்ளே ஓடிப்போய் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இருக்கா சார்?"

"இன்னும் வரலை. எட்டும் ஏறட்டும்."

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றி நின்றார்கள். இரைச்சல் கூடாதென்று பி.டி. சார் எல்லாரையும் வாயில் விரல் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜீப் வந்து நின்றது.

ஆய்வு அலுவலர் பத்மாசனி மேடம் இறங்கினார். எந்தக் காரியமானாலும் அவருக்கு வலதுதான். ஜீப்பிலிருந்தும் வலது காலை வைத்தே இறங்குவார். அதற்காக ஒருமுறை சாக்கடையில் இறங்கியிருக்கிறார். பின்னாலேயே ஸ்கூட்டரில் நறுமுகை.

"என்ன இது?" என்றார் மேடம்.

"ஓடைக்காட்டுக்குக் கொடுக்கப் போறோம் மேடம்" என்றார் திருவேங்கடம் பெருமையாக.

"அடடே! அதைச் சொல்லத்தான் நானே வந்தேன். வேண்டாதவங்ககிட்ட இருந்து என்ன பிரயோசனம்? ஆனா ஆணை இல்லாம கொடுக்கக் கூடாது. இப்பவே அடிச்சுத் தர்றேன்."

மேடத்தின் கணினியில் மின்சாரம் தீர்ந்திருந்தது. வண்டியிலிருந்த ஒன்றைத் திறந்து, வைக்கோலை ஒதுக்கிவிட்டு, நின்றபடியே அடித்தார். 'ஏணிப்புதூர்ப் பள்ளியின் எட்டு மடிக்கணினிகளும் இன்று முதல் ஓடைக்காடு பள்ளிக்கு...' நல்ல நீளமான ஆணை. முடித்து மூடப்போனார். 'சேமிக்கவா?' என்றது இயந்திரம்.

கீழே: தங்கள் சித்தம். தங்கள் சித்தம்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நல்ல காரியம் என்று வலப்பக்கம் அமுக்கினார். ஆணை போய்விட்டது.

மறுபடி அடித்தார். மறுபடி கேட்டது.

"இதுல எது சேமிக்கும்?" என்றார் திருவேங்கடத்திடம்.

திருவேங்கடம் குனிந்து படித்தார். "தங்கள் சித்தம், மேடம்."

"அதான் என் சித்தத்தைச் சொல்றேனே! சேமிக்கணும். எந்தப் பக்கம்?"

புலவர் குனிந்து படித்தார். "தங்கள் சித்தம்."

மேடம் பிள்ளைகளைப் பார்த்தார். முப்பத்தொரு பேருக்கும் விடை தெரியும். முப்பத்தொரு பேர் வாயிலும் விரல். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எஸ்தர் டீச்சருக்குத் திடீரென்று புளியமரத்தில் ஏதோ தெரிந்தது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நறுமுகை எதுவோ புரிந்து, குனிந்து செருப்பு வாரை மாட்டத் தொடங்கினார். ரொம்ப நேரம் மாட்டினார்.

மேடம் மறுபடி வலப்பக்கம். மூன்றாம் முறையும் அடித்து, மூன்றாம் முறையும் வலப்பக்கம்.

"யாரு இப்படி ஆக்கினது?" என்று கத்தினார்.

"நாங்கதான் மேடம்" என்றார் திருவேங்கடம். "மூணாவது வரி. மாத்தச் சொல்லி வந்துச்சு, மாத்திட்டோம்."

"நீங்களா? மென்பொருளையா?"

"படிச்சிட்டுத்தான் மேடம் மாத்தினோம்" என்று முப்பத்தெட்டுப் பக்கத்தையும் உரையோடு நீட்டினார் புலவர்.

மேடம் புரட்டினார். பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை. நறுமுகையைப் பார்த்தார். "இவங்க நிஜமா இதைப் பயன்படுத்துறாங்களா?"

"மேடம்," என்றார் நறுமுகை, செருப்பை ஒருவழியாக மாட்டிமுடித்து, "எந்த வேலைக்கும் பயன்படுத்தி, மூலத்தைப் படிச்சு, மாத்தி, பக்கத்து ஊருக்குக் கொடுக்க வண்டியும் பிடிச்ச பள்ளி, நான் பார்த்த முந்நூறுல இது ஒண்ணுதான்." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மேடத்துக்கு அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பேனாவை எடுத்துத் தம் குறிப்பேட்டில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதி, கீழே கோடு போட்டார். "இறக்குங்க எல்லாத்தையும்! என்னைக் கேட்காம ஒரு துரும்பு இந்தப் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது!" வலது காலை வைத்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எட்டும் இறங்கி பீரோவுக்குள் போயின. திருவேங்கடம் ஒருமுறை எண்ணினார். சந்தேகம் தீர மறுமுறை எண்ணினார். திரும்பிப் பார்த்த முகத்தில் வெளிச்சம்.

"சொன்னேனா இல்லையா? கொடுத்தோம். இருக்கு!"

அன்று மாலை தாள் வந்து முப்பத்தொரு பெயரும் அச்சாயின. சிவகாமசுந்தரி தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டதால் அது 'சிவகாமசுந்' என்ற இடத்தில் தாள் முடிந்து, மீதி இன்னொரு தாளில் வந்தது. இரண்டையும் கஞ்சியால் ஒட்டி அவளே தலைமேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான்காம் வரிக்குக் கீழே டிக் அடிக்கப் பேனாவை எடுத்த திருவேங்கடத்தின் கை நின்றுவிட்டது.

"நாம கொடுத்தோம், சரி. அக்கம்பக்கத்துக்கு இன்னும் கிடைக்கலையே?"

"கணினி வெளியே போகக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்களே சார்" என்றார் எஸ்தர் டீச்சர்.

"கணினி போகக் கூடாது." திருவேங்கடம் யோசித்தார். "அப்போ அக்கம்பக்கம்தான் வரணும்."

ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது என்பதில் ஆசிரியர்கள் சேர்த்தியா என்று ஒரு விவாதம் நடந்தது. இல்லை என்று மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவாயிற்று, எதிர்த்தவர் பி.டி. சார். ஆசிரியர் போனாலும் சட்டைப் பையிலிருக்கும் பேனா போகக் கூடாது என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து.

வெள்ளிக்கிழமை காலை ஓடைக்காடு பள்ளி வாசலில் குட்டி யானை நின்றது. சிதம்பரநாதன் வெளியே வந்து பார்த்தபோது அவருடைய ஏழாம் வகுப்பு முழுவதும் வண்டியில் இருந்தது. கரும்பலகை ஏறிக்கொண்டிருந்தது. எட்டுக் கணினிக்கென்று செய்த புது மேஜையைப் புலவரும் அந்தோணியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவந்தார்கள். பி.டி. சார் நான்கு வருஷத்துக்குப் பிறகு தம் விசிலைக் கண்டுபிடித்து ஊதிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அநியாயம்! என் பள்ளிக்கூடத்தை எங்கே ஏத்துறீங்க?"

"பயப்படாதீங்க சார்" என்றார் திருவேங்கடம். "உங்க சம்மதம் இல்லாம செய்வோமா? புலவரே!"

புலவர் மேஜையை இறக்கி வைத்துவிட்டு, ஓடைக்காட்டுத் தாளையே கேட்டு வாங்கி, ஓடைக்காட்டுப் பேனாவால், அழகான கையெழுத்தில் 'எங்கள் பள்ளிக்கு வருகிறீர்களா?' என்று எழுதினார். அதன் கீழே இரண்டு கட்டம் வரைந்து, இரண்டையும் நிரப்பி நீட்டினார்.

சிதம்பரநாதன் இடக் கட்டத்தைப் படித்தார். வலக் கட்டத்தைப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இதுல வேண்டாம்னு சொல்றதுக்கு எங்கேய்யா?"

"வேண்டாமா?" என்று திடுக்கிட்டார் புலவர். "பந்தியில் உட்கார்ந்த பிறகு அப்படிச் சொல்லலாமா சார்?"

அதற்குள் அந்தோணி வண்டியைக் கிளப்பிவிட்டார். முன்னிருக்கையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"உட்காரலாம், சார்" என்றார் திருவேங்கடம்.

சிதம்பரநாதனும் முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். உட்கார்ந்தார்.